கரையோரத்துக்குக் கைத்தொழில் – 6: பட்டறைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் பிள்ளையை எதில் சேர்ப்பது என்று முடிவெடுக்கிற மாதமும் வீட்டில் காசு இல்லாத மாதமும் ஒன்றாகவே வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அரசு தருகிற நிவாரணம் 8,000 ரூபாய். அந்த இரண்டு மாதத்துக்குள்தான் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வரும்; ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் விண்ணப்பமும் வரும். அந்த நேரம் பார்த்துத்தான் சுவரெல்லாம் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். கையில் பணம் இல்லாத நேரத்தில் அவசரப்பட்டு வட்டிக்கு வாங்கி முதல் தவணையைக் கட்டிவிட்டால், பிறகு விலகவும் முடியாது, தொடரவும் முடியாது. ஆகவே ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தைச் சேருவதற்கு முன்பே எப்படி எடைபோடுவது என்பதை இந்த வாரம் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம்.

இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் அப்துல் கலாம். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, அதன்பின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்கா சொஹரா தன் நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார். மேடைதோறும் சொல்லப்படுவது இந்தப் பாதிதான். எனக்கு மறுபாதி அதைவிட முக்கியமாகப் படுகிறது. சி. ராஜம் 1949-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியில், பறப்பதை நிறுத்திவிட்ட இரண்டு விமானங்களை மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காகவே நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் கலாம் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருப்பாராம். விமானப் பொறியியலை அவர் தேர்ந்தெடுத்ததற்கு அந்த இரண்டு விமானங்கள் ஒரு காரணம். படித்து முடித்ததும் பெங்களூர் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். அங்கே பார்த்தது விமான இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற வேலை. அக்காவின் நகை வீண்போகவில்லை என்றால், அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் தொட்டுப் பார்க்கப் பொருள் இருந்ததுதான் காரணம்.

அதேபோல ஒரு ஐ.டி.ஐ.யின் உயிரும் அதன் பட்டறையில்தான் இருக்கிறது. இப்போதைய பாடத்திட்டப்படி ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்ற பிரிவுகளில் ஆண்டுக்கு 1,200 மணி நேரம் பயிற்சி. அதில் 840 மணி நேரம் செய்முறை. பத்து மணி நேரத்தில் ஏழு மணி நேரம் பிள்ளை பட்டறையில் நிற்கவேண்டும் என்று அரசே சொல்கிறது. ஆனால் சேர்க்கைக்குப் போகிற பெற்றோர் பெரும்பாலும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, கலர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பட்டறையைப் பார்க்கவேண்டும் என்று கேட்பவர் குறைவு.

கேளுங்கள். வகுப்பு நடக்கிற நாளில் போங்கள். விடுமுறை நாளில் போனால் எல்லாப் பட்டறையும் ஒரே மாதிரிதான் இருக்கும். லேத் மெஷினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். இரும்புச் சுருள் விழுந்து கிடந்தால், ஆயில் கறை இருந்தால், அந்த மெஷின் ஓடுகிறது. பெயின்ட் பளபளக்க, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி நின்றால், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாங்கி வைத்தது என்று அர்த்தம். வெல்டிங் பிரிவில் தரையைப் பாருங்கள்: எரிந்து மிஞ்சிய ராடு துண்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடக்கவேண்டும். வெல்டிங் கைக்கு வருவது ராடு எரிந்தால்தான். ராடு விலையைக் கணக்குப் பார்த்து, மாணவனுக்கு வாரத்துக்கு இரண்டு ராடு கொடுக்கிற இடத்தில் வெல்டர் உருவாக மாட்டான். எலக்ட்ரிக்கல் பிரிவில் மோட்டாரைப் பிரித்து வைண்டிங் செய்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே சுவிட்ச் போர்டை வருஷம் முழுக்கக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் அது வீட்டு வயரிங்கோடு நின்றுவிடும்.

பிறகு, இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இந்த வாரம் நீ கையால் என்ன செஞ்ச?" என்று கேளுங்கள். செய்திருந்தால் அளவு, பொருள், பட்ட சிரமம் எல்லாவற்றையும் கொட்டுவான். ரெக்கார்டு நோட்டு எழுதினேன் என்று சொன்னால் புரிந்துகொள்ளுங்கள். வாத்தியார் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்பதையும் அவனிடமே கேட்டுவிடலாம். நிர்வாகத்தைவிட அவன் சொல்வதை நான் நம்புவேன்.

காகித விஷயம் சுருக்கமானது, ஆனால் விட்டுவிடக் கூடாதது. ஐ.டி.ஐ.க்கு என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில்) அங்கீகாரம் மொத்தமாகக் கிடைப்பதில்லை; ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது. ஃபிட்டருக்கு இருக்கும், ஏ.சி. மெக்கானிக்குக்கு இருக்காது. போர்டில் என்.சி.வி.டி. என்று எழுதியிருப்பது போதாது. உங்கள் பிள்ளை சேரப்போகிற பிரிவுக்கு இருக்கிறதா என்று அரசு இணையதளத்தில் பாருங்கள். பாலிடெக்னிக் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல். இந்த இரண்டும் இல்லாமல் 'டிப்ளமோ இன் ஃபயர் அண்ட் சேஃப்டி' என்று ஆறு மாதத்துக்குப் பணம் கேட்கிற இடங்களை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சீருடை எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வேறு. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறது. அரசு நிறுவனம்தானே என்று ஒதுக்கிவிட்டு, கடன் வாங்கித் தனியாரிடம் போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். தூரத்தையும் பாருங்கள்: ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பெண் பிள்ளை என்றால் பட்டறை முடிகிற நேரத்துக்குப் பஸ் இருக்கிறதா, கழிவறை திறந்திருக்கிறதா என்பதும் எடைபோடவேண்டிய விஷயமே.

பக்கத்தில் பெரிய தொழில் வருகிறது, அதனால் இந்தப் படிப்பு என்று சொல்வார்கள். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 8,500 பேர் எட்டு மாதத்தில் கட்டி முடித்தார்கள். கட்டுகிற கூட்டம் போய்விட்டது. அங்கே பேனல் துடைப்பதுகூட ரோபோ. பெரிய திட்டங்களில் கட்டும்போது இருக்கிற வேலை வேறு, நடத்தும்போது மிஞ்சுகிற வேலை வேறு. பாம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித்தான் தூக்கினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியை மோட்டார்கள் செங்குத்தாக மேலே ஏற்றுகின்றன. அதைப் பராமரிப்பவனுக்கு மோட்டாரும் கன்ட்ரோல் பேனலும் தெரிந்திருக்கவேண்டும், உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கரைக்கு என்றும் வேலை தருவது படகு இன்ஜின், ஐஸ் கம்பெனி, மின்சாரம், வெல்டிங் நான்கும்தான். டீசல் மெக்கானிக்கும் ஏ.சி. மெக்கானிக்கும் ராமேஸ்வரத்திலேயே பிழைக்கலாம்.

கப்பல் ஆசைக்கு வருவோம், அதில்தான் பணம் அதிகம் பறிபோகிறது. கடலைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு மெர்ச்சன்ட் நேவி என்றால் கண் விரியும். கப்பலில் கடைநிலைப் பணியாளாகச் சேருவதற்கான ஜி.பி. ரேட்டிங் ஆறு மாதப் பயிற்சி. பத்தாவதில் மொத்தமாக 40 சதவீதமும் ஆங்கிலத்தில் 40 சதவீதமும் வேண்டும். பார்வைச் சோதனையும் உண்டு. நிறம் பிரித்தறிய முடியாதவர்களை டெக் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சோதித்துக்கொள்ளுங்கள். பயிற்சி நிறுவனம் மும்பை கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் இருக்கவேண்டும். உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் கப்பலில் ஏற்றுவதற்காக உங்களிடம் பணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. கப்பல் பணியாளருக்கான சி.டி.சி. சான்று வாங்கித் தருகிறேன், மூன்று லட்சம் கொடு என்பவன் ஏமாற்றுக்காரன். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டியிலிருந்து வளைகுடாவுக்கு சபர் போகிற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை: பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

கடைசியாக, வேலைவாய்ப்புப் பட்டியலைப் பற்றி. போட்டோவும் கம்பெனி பெயரும் போட்ட பலகையை எல்லோரும் மாட்டுகிறார்கள். போன ஆண்டு முடித்தவர்களில் அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போனவர்கள் யார் என்று கேளுங்கள். பொன்மலை ரயில்வே பணிமனை, ஐ.சி.எஃப்., திருச்சி பெல் என்று இடத்தையும் ஆளையும் சொல்லி, போன் நம்பரைத் தருகிறவர்களிடம் பயமில்லாமல் சேரலாம்.

தடைக்காலத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் போங்கள். பட்டறையைத் திறந்து காட்டாத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

(தொடரும்)