விளையும் முற்றமும் – 11
மழைக்குள் ஒரு பாத்தி

சென்னையில் அச்சாகும் தோட்டக் காலண்டரை நம்பி ஐப்பசியில் கீரை விதைப்பவர்களை நாஞ்சில் நாட்டில் வருஷந்தோறும் பார்க்கிறேன். ஒரே மழையில் விதை முழுக்க ஓடைக்குப் போய்விடும். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் இறங்குகிற கன்னியாகுமரி மாவட்டம் இது. ஐப்பசியில் விதைப்பதை விட முக்கியமான வேலை, தண்ணீரை வெளியே விடுவது. கீரை கார்த்திகைப் பாதி வரை காத்திருக்கட்டும், ஒன்றும் குடி முழுகிவிடாது.

மம்பட்டியை எடுத்து, செடி மூட்டில் குழி விழுந்த இடமெல்லாம் மண் அணைத்து, சாய்வு பார்த்து ஒரு சால் கீறி விடுங்கள். மரச்சீனியும் சேனையும் ஒரு வாரம் தண்ணீரில் நின்றால் கிழங்கு அழுகிவிடும். கன்னிப்பூ நெல் அறுத்த வைக்கோல் வீட்டில் கிடந்தால் கத்தரி, மிளகாய் மூட்டில் பரப்பலாம். மழைத்துளி விழுந்து மண் தெறித்து அடியிலைகளில் ஒட்டுவதால்தான் பாதி நோய் வருகிறது. வைக்கோல் அந்தத் தெறிப்பைத் தடுக்கும்.

குலை தள்ளிய வாழைக்கு ஊன்று கொடுக்கக் கார்த்திகை வரை காத்திருக்க வேண்டாம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. வாழையின் வேர் மேலாகவே ஓடுவது. தலையில் குலையின் பாரம் வேறு. இரண்டு கம்பை மேல்முனையில் சேர்த்துக் கட்டி, குலை சாயும் பக்கத்தில், கழுத்துக்குக் கீழே கவையாகக் கொடுத்தால் நிற்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டி வாழைக்கும் காற்று சலுகை காட்டாது.

ஆடியில் ஊன்றிய அவரை பனி விழ ஆரம்பித்ததும் பூக்கும், கூடவே அசுவினியும் வரும். விடியற்காலை, பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். அவரையைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் உங்களைச் செய்ய வைக்க நினைப்பது ஒரே வேலை: பனங்கிழங்குப் பாத்தி. ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழங்களின் கொட்டைகள் பனை மூட்டில் இன்னும் கிடக்கும். ஒரு பழத்துக்குப் பெரும்பாலும் மூன்று கொட்டை. புறவாசலில் தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, மணல் கலந்த மண்ணை முழங்கால் உயரத்துக்குக் குவியுங்கள். பாத்தி உயரமாக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வருவதில்லை. கீழே இறங்கி, கொட்டைக்கு அடியில்தான் கிழங்கு திரள்கிறது. அடியில் இறுகிய தரை இருந்தால் கிழங்கு கட்டையாக, கோணலாக நின்றுவிடும். கொட்டைகளை மேலே நெருக்கமாக அடுக்கி, கையளவு மண் மூடினால் போதும். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

மூன்று நான்கு மாதத்தில் பறிக்கலாம். பொங்கலுக்கு வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே புதைத்திருக்க வேண்டும். இப்போது புதைப்பவர்களுக்கு மாசியில் கிடைக்கும். மண்ணுக்கு மேலே ஓலை விரியும்வரை விட்டுவிட்டால் நார் ஏறி, பல்லில் சிக்கும். பறித்ததும் கொட்டையை வெட்டிப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போன்ற தவுன் இருக்கும். அதைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நடுவில் ஓடும் பீலியை உருவிவிட்டுத் தின்னலாம். பூண்டும் நல்லமிளகும் சேர்த்து இடித்தால் இன்னும் விசேஷம். யாழ்ப்பாணத்தில் இதே கிழங்கைப் பச்சையாகக் காயவைத்து ஒடியலாக்குகிறார்கள், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். நாம் அதுவரை மிச்சம் வைப்பதில்லை.

கைவேலைக்கும் பனையே போதும். திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிக்கக் குருத்தோலை வெட்டுவார்களே, அதில் ஈர்க்கோடு ஒட்டிய இளம் ஓலையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, பச்சரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் சிறுபயறும் பிசைந்த மாவை அந்த மடிப்புக்குள் வைத்து, இன்னொரு துண்டால் மூடி, ஓலைக் கீற்றாலேயே கட்டி அவிக்க வேண்டும். மிஞ்சிய ஓலையில் பிள்ளைகளுக்குக் காற்றாடி. இரண்டு கீற்றை விரல் அகலத்தில் கிழித்து, ஒன்றை மடித்து மற்றதன் மடிப்புக்குள் நுழைத்துக் குறுக்காக இறுக்கினால் நான்கு இறகு வரும். நடுவில் ஓர் உடைமுள்ளைக் குத்தி, முள்ளின் அடியை ஒரு குச்சியில் செருகிக் காற்றுக்கு எதிரே ஓடச் சொல்லுங்கள். முள் குத்திய துளை கொஞ்சம் தாராளமாக இல்லாவிட்டால் சுற்றாது.

கிறிஸ்துமஸ் குடில் வைக்கிற வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். பிளாஸ்டிக் புல் வாங்காதீர்கள். டிசம்பர் பத்து வாக்கில் ஒரு தட்டத்தில் மண் பரப்பி, ஊறவைத்த நெல்லையோ கேழ்வரகையோ அடர்த்தியாகத் தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் பெருநாளுக்குப் பச்சைப்புல் தயார்.

பனையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டுமென்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. குருத்து வெட்டுவதற்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. மரத்தின் வளர்ச்சி முழுக்க அந்தக் குருத்தில்தான் இருக்கிறது. கொழுக்கட்டைக்கு ஓலை கேட்கும்போது ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்ட வேண்டாம் என்று ஏறுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.