இறங்க வேண்டிய இடம்

பத்தாம் வகுப்பில் இரத்த ஓட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். முள் குத்தி, சீழ் வைத்த காலோடு ஒரு மாணவன் நொண்டிக்கொண்டே வந்து அமர்ந்தான். அவனையே உதாரணமாக்கி, "வெள்ளையணுக்கள் அங்கே வந்து கிருமிகளோடு போராடுகின்றன" என்றேன். பின் வரிசையிலிருந்து கேள்வி வந்தது: "டீச்சர், அது ரத்தத்தோட ஓடிக்கிட்டேல்லா இருக்கு? இங்கதான் இறங்கணும்னு எப்பிடித் தெரியும்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. படித்துவிட்டு மறுநாள் சொன்னேன்.

ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்க முடியாது. முதலில் வேகம் குறைய வேண்டும். காயம் பட்ட இடத்தில் இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் 'செலக்டின்' என்னும் ஒட்டு மூலக்கூறுகளை வெளியே நீட்டுகின்றன. இவை வெள்ளையணுவின் மேலுள்ள சர்க்கரைத் தொடர்களை லேசாகப் பற்றுவதால், அது சுவரோரமாக மெல்ல உருள்கிறது. அங்குள்ள வேதிச் சமிக்ஞைகள் வெள்ளையணுவின் 'இன்டெக்ரின்' மூலக்கூறுகளை விழிக்கச் செய்கின்றன. அவை சுவரை இறுகப் பற்ற, அணு நின்றுவிடுகிறது. பிறகு சுவர்ச் செல்களின் இடுக்கு வழியே திசுவுக்குள் நுழைகிறது.

இதை வராந்தாவில் விளையாட்டாக்கினோம். இருபுறமும் நிற்பவர்கள் இரத்தக்குழாய்ச் சுவர். நடுவில் ஓடுபவர்கள் வெள்ளையணுக்கள். விரல் நுனியால் தொட்டால் வேகம் குறைக்க வேண்டும்; கையை இறுகப் பிடித்தால் நிற்க வேண்டும். அடுத்த சுற்றில், "யாரும் இறுகப் பிடிக்கக் கூடாது" என்றேன். ஒருவர்கூட நிற்கவில்லை.

அந்த இரண்டாம் சுற்று ஓர் உண்மையான நோய். வெள்ளையணு ஒட்டுக் குறைபாட்டின் முதல் வகையில், பிறவியிலேயே இன்டெக்ரினின் ஒரு பகுதி சரியாக உருவாவதில்லை. இரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏராளம். புண்ணில் சீழே இராது. தொற்று திரும்பத் திரும்ப வரும். வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் உதிரும் தொப்புள்கொடி, மூன்று நான்கு வாரமாகியும் உதிராமல் இருப்பது ஒரு முக்கிய அறிகுறி. மும்பையில் உள்ள தேசிய நோய்த்தடுப்பு இரத்தவியல் நிறுவனம் இந்தியக் குழந்தைகள் பலரிடம் இந்நோயைக் கண்டறிந்துள்ளது. கடுமையான நிலையில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படும்.

பெற்றோர் இருவரும் இக்குறைபாட்டு மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்யும்போது இருவரும் அதே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. மரபியல் பாடம் நடத்தும்போது, எந்தக் குடும்பத்தையும் சுட்டாமல் இதைச் சொல்லலாம்.

"அப்போ எனக்குச் சீழ் வச்சது நல்லதா டீச்சர்?" என்றான் முள் குத்தியவன்.

"உன் வெள்ளையணுக்களுக்கு இறங்கத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காலைக் காட்டு" என்றேன்.