சுமைக்கேற்பச் சாக் அப்சார்பரைச் சரிசெய்தல்

சுமைக்கேற்பச் சாக் அப்சார்பரைச் சரிசெய்தல் என்பது, ஓட்டுபவரின் உடல் எடைக்கும் வண்டியில் ஏற்றும் பாரத்துக்கும் பொருந்துமாறு, இருசக்கர வண்டியின் பின்புறச் சுருள்வில்லின் தொடக்க இறுக்கத்தை மாற்றியமைப்பது ஆகும். இந்தத் தொடக்க இறுக்கம் முன்னிறுக்கம் எனப்படும். எடை கூடிய ஒருவர் ஓட்டும்போது வண்டியின் பின்பகுதி அளவுக்கு மீறித் தாழ்கிறது. அதனால் பள்ளங்களின் அதிர்ச்சி நேரே இடுப்புக்கும் முதுகுக்கும் செல்கிறது. முன்னிறுக்கத்தைச் சரியாக வைத்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

திண்டுக்கல் வட்டாரத்தில் இதன் தேவை

திண்டுக்கல் சமவெளியில் இருசக்கர வண்டி ஆள் போகும் ஊர்தி மட்டுமன்று, சுமை வண்டியும் ஆகும். சின்னாளபட்டியின் சேலைக் கட்டுகளும், நிலக்கோட்டைப் பகுதியின் பூ மூட்டைகளும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்லும் காய்கறிகளும் இருசக்கர வண்டிகளிலும் ஏற்றிச் செல்லப்படுகின்றன. ஒரே நாளில் அதே வண்டி சுமையோடு ஒரு முறையும் வெறுமையாக ஒரு முறையும் ஓடும். நான்குவழிச் சாலையில் தெரியாத குறை, ஊர்ச் சாலைகளின் வேகத்தடைகளில் வெளிப்படும். சிறுமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எடை இயல்பாகவே பின்னோக்கிச் சாய்கிறது. பின்பகுதி ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் முன்சக்கரத்தின் பிடி குறைந்து, வண்டியைத் திருப்புவது கடினமாகும்.

இயங்கும் முறை

சாக் அப்சார்பரில் இரண்டு பகுதிகள் உண்டு. சுருள்வில் எடையைத் தாங்குகிறது. உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே தள்ளப்படும்போது உண்டாகும் தடை, வில்லின் துள்ளலை அடக்குகிறது. இது தணிப்பு எனப்படும்.

சுருள்வில் எவ்வளவு அமுங்கும் என்பது அதன் மேல் விழும் விசையைப் பொறுத்தது. இந்த உறவை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். எடுத்துக்காட்டாக, 1 மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் விசை தேவைப்படும் ஒரு வில்லின் மீது கூடுதலாக 200 நியூட்டன் விழுந்தால், அது 10 மில்லிமீட்டர் கூடுதலாக அமுங்கும். முன்னிறுக்கத்தை 10 மில்லிமீட்டர் கூட்டினால் வண்டி பழைய உயரத்துக்குத் திரும்பும். ஆனால் அடுத்து விழும் 200 நியூட்டனுக்கு வில் மீண்டும் 10 மில்லிமீட்டரே அமுங்கும்.

எனவே முன்னிறுக்கத்தைக் கூட்டினால் வில் விறைப்பாகிவிடும் என்ற பரவலான எண்ணம் சரியன்று. மாறுவது வண்டி நிற்கும் உயரமும், பள்ளத்தில் விழும்போது வில் அமுங்குவதற்கு மிஞ்சும் தூரமும் ஆகும். அந்தத் தூரம் தீர்ந்தால் சாக் அப்சார்பர் அடியில் இடிக்கும். எடை கூடியவர் உணரும் 'தடக்' என்ற அடி பெரும்பாலும் இதுதான். வண்டி மிகவும் கெட்டியாக இருப்பதாக நினைத்து முன்னிறுக்கத்தைக் குறைத்தால் இடி இன்னும் கூடும்.

அமிழ்வை அளத்தல்

ஓட்டுபவர் அமரும்போது பின்பகுதி தாழும் அளவு அமிழ்வு எனப்படும். இதை அளக்க ஓர் அளவு நாடாவும் உதவிக்கு ஓர் ஆளும் போதும்.

1. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது, அச்சின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே வண்டியின் உடற்பகுதியில் இட்ட குறி வரை அளக்க வேண்டும்.
2. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஓட்டுபவர் வழக்கமான சுமையோடு அமர்ந்து, கால்களைப் படியில் வைத்த நிலையில் அதே இடத்தை மீண்டும் அளக்க வேண்டும். உதவியாள் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வார்.
3. முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது அமிழ்வு.

சாலையில் ஓடும் வண்டிக்கு, பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய முழுத் தூரத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமிழ்வு இருப்பது பொருத்தமானது. முழுத் தூரம் 100 மில்லிமீட்டர் என்றால் 25 முதல் 33 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதற்கு மேல் தாழ்ந்தால் முன்னிறுக்கத்தைக் கூட்ட வேண்டும், குறைவாகத் தாழ்ந்தால் தளர்த்த வேண்டும்.

சரிசெய்யும் முறை

இரண்டு சாக் அப்சார்பர் உள்ள பல வண்டிகளில் வில்லின் ஒரு முனையில் படிப்படியான வெட்டுகள் கொண்ட வளையம் இருக்கும். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியில் 5 படிகளும், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் 6 படிகளும் உள்ளன. வண்டியோடு தரப்படும் கொக்கி வடிவ ஸ்பேனரால் வளையத்தைத் திருப்பலாம். சுமையை இறக்கி, சென்டர் ஸ்டாண்டு போட்ட பிறகே திருப்ப வேண்டும். வில் குறுகும் திசையே முன்னிறுக்கம் கூடும் திசை. ஒவ்வொரு படியாக மாற்றி, மீண்டும் அமிழ்வை அளப்பது நல்லது. இரு பக்கமும் ஒரே படியில் இருப்பது கட்டாயம். இல்லையெனில் ஒரு பக்கத்து வில்லே மிகுதியான பாரத்தைத் தாங்க நேரிடும்.

சுமை இறங்கிய பின் வளையத்தைப் பழைய படிக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே விட்டால் வெற்று வண்டி துள்ளும், பின்சக்கரத்தின் பிடியும் குறையும்.

உடன் கவனிக்க வேண்டியவை

- டயர் காற்று: தனியாக ஓட்டுவதற்கும் பின்னால் ஆள் அமர்வதற்கும் தனித்தனி அளவுகள் வண்டியின் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.
- செயின்: பின்பகுதி தாழும்போது பெரும்பாலான வண்டிகளில் செயின் இறுகும். சுமை ஏற்றிய நிலையிலும் சிறிது தொய்வு இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.
- முகப்பு விளக்கு: பின்பகுதி தாழ்ந்தால் ஒளி மேலே சென்று எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

வரம்புகள்

கடைசிப் படியிலும் அமிழ்வு மிகுதியாக இருந்தால், அந்த வில் அந்த எடைக்குப் போதாது என்று பொருள். அப்போது விறைப்பு மிகுந்த வில்லுக்கு மாற வேண்டும். பின்பகுதியைக் கையால் அழுத்தி விட்டதும் வண்டி பல முறை ஆடினாலோ, தண்டில் எண்ணெய் கசிந்தாலோ தணிப்பு போய்விட்டது எனலாம். முன்னிறுக்கத்தைக் கூட்டுவது அதற்குத் தீர்வாகாது. வாயு நிரப்பிய சாக் அப்சார்பரைப் பிரிப்பதும் சூடாக்குவதும் ஆபத்தானவை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட மொத்தச் சுமை வரம்பையும் முன்னிறுக்கத்தால் உயர்த்த முடியாது. சட்டகம், பிரேக், டயர் ஆகியவையும் அந்த வரம்புக்கு உட்பட்டே வடிவமைக்கப்படுகின்றன.

பிற ஊர்திகளில்

இதே விதி கனடா போன்ற குளிர் நாடுகளில் ஓடும் பனி ஊர்திகளுக்கும் பொருந்தும். அவற்றுள் பலவற்றில் பின்புற முறுக்கு வில்லின் முனை தங்கும் கட்டையைத் திருப்பி முன்னிறுக்கத்தைக் கூட்டுகின்றனர். அங்கும் பின்பகுதி மிகவும் தாழ்ந்தால், முன்னால் உள்ள சறுக்குக் கட்டைகளின் பிடி குறைந்து, ஊர்தியைத் திருப்புவது கடினமாகிறது.