தராசு சொல்லும் தண்டனை

காவிரியின் கிளையாறுகளான கோரையாறும் பாமணியாறும் கடலை நாடி வரும் இடம் முத்துப்பேட்டை. அங்குள்ள அலையாத்திக் காடுகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். காயலைத் தாண்டினால் பாக் நீரிணை, அதற்கப்பால் இலங்கை. அக்கரை அருகில் இருப்பதால் கடத்தலைத் தடுக்கும் காவலும் இங்கே தேவைப்படுகிறது.

இக்கரையில் மூவர் கஞ்சாவுடன் பிடிபடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் 900 கிராம், அடுத்தவரிடம் 5 கிலோ, மூன்றாமவரிடம் 21 கிலோ. மூவருக்கும் ஒரே தண்டனைதானா?

இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் இரண்டு வினாக்களை எழுப்புகிறது. என்ன பொருள்? எவ்வளவு எடை? 2001-இல் செய்த திருத்தத்திற்குப் பின், எடையை வைத்துக் குற்றங்கள் மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டன.

முதற்படி, சிறிய அளவு. இதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றாம் படி, வணிக அளவு. இதற்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு கடுங்காவல். 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இடைப்பட்ட அளவிற்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் வரை அபராதமும்.

கஞ்சாவில் 1 கிலோவிற்குள் சிறிய அளவு. 20 கிலோவிற்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கோ எல்லைகள் 5 கிராம், 250 கிராம்! ஏன் இந்த வேறுபாடு? அபினியில் உள்ள மார்பினிலிருந்து செய்யப்படும் ஹெராயின், மிகச் சிறிய அளவிலேயே மூளையைத் தாக்குகிறது. மூச்சையே நிறுத்தவும் வல்லது.

இங்கே ஒரு சிக்கல். ஹெராயினுடன் வேறு பொடிகளைக் கலந்துதான் விற்கிறார்கள். தராசில் எதை நிறுப்பது? சுமார் 4 கிலோ கலவை பிடிபட்ட ஒரு வழக்கில், தூய ஹெராயின் ஏறத்தாழ 60 கிராமே இருந்தது. தூய பொருளை மட்டும் கணக்கிட வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கலவை முழுவதன் எடையே கணக்கு. விற்பனைக்கு வருவதும் உடலுக்குள் போவதும் அக்கலவைதானே!

இனி நீங்கள் மறக்கக் கூடாத செய்தி. பெரும்பாலான குற்றங்களில் அரசுத் தரப்பே யாவற்றையும் மெய்ப்பிக்க வேண்டும். இச்சட்டத்திலோ, பொருள் உங்கள் வசம் இருந்ததென்று மெய்ப்பித்துவிட்டால், அறிந்தே வைத்திருந்ததாக நீதிமன்றம் கொள்ளும். "பொட்டலத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது" என்பதை நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். அது எளிதன்று.

18 வயது நிரம்பாதவரின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்திற்குச் செல்லும். சிறுவர்களைப் போதைப்பொருள் சுமக்க வைப்போருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. இருந்தும் சிலர் பணம் காட்டிச் சிறுவர்களை அழைக்கிறார்கள். பிடிபடும்போது அவர்கள் அருகில் இருப்பதில்லை.

போதைக்கு அடிமையானவருக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சிறிய அளவுடன் பிடிபட்ட அடிமை தாமே முன்வந்து, அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். தராசில் நிறுக்காமல் சட்டம் மனிதரைப் பார்க்கும் இடம் இது. உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் சிக்கியிருந்தால், இதை அவருக்குச் சொல்லுங்கள்.