ஏற்காட்டுக்காரருக்கு எந்த பேண்ட்?

டீ ஆறுவதற்குள் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். எடையைக் குறைக்க இரைப்பையில் மாட்டும் ‘காஸ்ட்ரிக் பேண்ட்’ வேறு, நள்ளிரவு டிவியில் கூவிக் கூவி விற்கும் இடுப்பு பெல்ட் வேறு. பெல்ட்டைப் பிடிக்கவில்லை என்றால் பரணில் போட்டுவிடலாம். பேண்டை மாட்டவும் ஆபரேஷன், கழற்றவும் ஆபரேஷன்.

இதில் எத்தனை வகை, எது உசத்தி என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் சேலம் ஐந்து ரோட்டில் குடியிருப்பவருக்குச் சொல்லும் பதிலை, சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டின் ஒரு காபி எஸ்டேட்டில் குடியிருப்பவருக்கு அப்படியே சொல்ல முடியாது.

முதலில் பொருளைப் பார்ப்போம். இரைப்பையின் மேல்பகுதியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சிலிக்கோன் வளையம் ஒன்றைச் சுற்றி மாட்டுவார்கள். வளையத்துக்கு மேலே 15 முதல் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்று உருவாகும். கொஞ்சம் சாப்பிட்டதுமே ‘போதும்’ என்ற உணர்வு வர வேண்டும், அதுதான் கணக்கு. வளையத்தின் உட்புறம் சைக்கிள் ட்யூப் மாதிரி. உப்புநீர் ஏற்றினால் உப்பி வழியைக் குறுக்கும், எடுத்தால் தளரும். ஏற்றி இறக்குவதற்கான வாய்க்குப் பெயர் போர்ட். வயிற்றுத் தோலுக்கு அடியில், தசையின் மேல் தைத்து வைத்திருப்பார்கள். அதில் சாதாரண ஊசியைக் குத்தக் கூடாது. குத்தினால் போர்ட்டின் மேல்மூடி பொத்தலாகிக் கசியும். அதற்கென்றே முனை வளைந்த ஹியூபர் ஊசி இருக்கிறது. இந்த ஊசியின் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

இனி வகைகள். 1978-ல் அமெரிக்காவில் முதன்முதலாகச் சுற்றியபோது வளையம் இறுக்கம் மாறாத வலைப்பட்டையாக இருந்தது. ஒருமுறை சுற்றினால் சுற்றியதுதான். ஆளுக்கு ஆள் வேறுபடும் வயிற்றுக்கு அது ஒத்துவரவில்லை. 1980-களின் நடுவில் ஸ்வீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் இருவரும், உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் இருந்த குஸ்மாக்கும் தனித்தனியே ஏற்றி இறக்கக்கூடிய பேண்டைக் கொண்டுவந்தார்கள். இன்று பேண்ட் என்றால் இந்த வகைதான். எத்தியோப்பியாவில் பிறந்த மிட்டிக்கு பெலாச்யூ 1993-ல் பெல்ஜியத்தில் இதை வயிற்றைக் கிழிக்காமல் லேப்ராஸ்கோபி வழியாகப் பொருத்தினார். கூட்டம் திரண்டது அதற்குப் பிறகுதான்.

குஸ்மாக் வழியில் வந்தது ‘லேப்-பேண்ட்’. 2001-ல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. ஸ்வீடன் வழியில் வந்தது 2007-ல் அமெரிக்காவில் ‘ரியலைஸ்’ என்ற பெயரில் அனுமதி பெற்றது. பிரான்சில் ‘மிட்பேண்ட்’, ‘ஹீலியோகாஸ்ட்’ என்று இன்னும் சில. பெயர்களை விடுங்கள். உண்மையான வித்தியாசம் ஒன்றே ஒன்று: குறுகலான வளையமா, அகலமான வளையமா என்பது. பழைய லேப்-பேண்ட் குறுகல். 4 மில்லிதான் பிடிக்கும், அழுத்தம் அதிகம். ஸ்வீடன் பேண்ட் அகலமானது, 9 மில்லி பிடிக்கும், மென்மையாகப் பிடிக்கும். பிறகு லேப்-பேண்டும் அந்தப் பக்கம் சாய்ந்து, 10 மில்லி, 14 மில்லி என்று இரண்டு அளவுகளில் வந்தது. அகலமாகப் பிடிப்பது இரைப்பைச் சுவருக்கு இதம் என்பது அதை வடிவமைத்தவர்களின் நியாயம். சரிதான். ஆனால் இரண்டு வகைக்கும் நடுவே இளைப்பதில் பெரிய வேறுபாடு கிடையாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இரைப்பையைச் சுருக்கும் பைபாஸ் அல்லது ஸ்லீவ் ஆபரேஷன் செய்யும்போது, சுருக்கிய பை பின்னால் விரிந்துவிடாமல் இருக்க ஒரு சிலிக்கோன் வளையம் மாட்டும் வழக்கம் உண்டு. அதையும் பேண்ட் என்றே சொல்வார்கள். அதற்குப் போர்ட் இல்லை, ஏற்றி இறக்கவும் முடியாது. டாக்டர் ‘பேண்ட்’ என்றால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது மலைக்கு வருவோம். பேண்ட் பொருத்திய அன்று வேலை முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. நாலு முதல் ஆறு வாரம் கழித்து முதல் முறை நீர் ஏற்றுவார்கள். பிறகு முதல் ஆண்டு முழுக்க, இளைக்கும் வேகம் பார்த்து அடிக்கடி கொஞ்சம் கூட்டுவார்கள், கொஞ்சம் குறைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஏற வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இறுக்கம் கூடிப்போய் எச்சில்கூட இறங்காமல் நிற்பவருக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தால் என்ன ஆகும்?

1,500 மீட்டர் உயரத்தில் பேண்ட் இறுகிவிடுமா என்றும் சிலர் கேட்பார்கள். உள்ளே இருப்பது நீர், உயரத்தில் அது விரியாது. ஏற்றும்போது காற்றுக் குமிழி புகுந்திருந்தால் அது கொஞ்சம் விரியும். அதனால்தான் காற்றை வெளியேற்றிவிட்டு நிரப்புகிறார்கள். உயரத்தைவிடப் பயப்பட வேண்டியது வளைவுகளுக்கு. பஸ்ஸில் ஏழாவது வளைவிலேயே பாலித்தீன் பை தேடுபவர் நீங்கள் என்றால், டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் கீழே உள்ள இரைப்பை வளையத்தின் வழியே மேலே ஏறிக்கொள்ளும். பேண்ட் நழுவுவது என்பது இதுதான். மறுபடி ஆபரேஷனில் கொண்டுபோய் விடும்.

சாப்பாட்டிலும் இந்த ஊர் கொஞ்சம் சதி செய்யும். ஆரஞ்சுச் சுளையின் தோலும் நாரும் குறுகிய வழியில் அடைத்துக்கொள்ளும், பலாவும் அப்படித்தான். பரோட்டாவும் சரியாக மெல்லாத மட்டனும் எந்த ஊரிலும் ஆபத்து. ஆனால் ஏரிக்கரைக் கடையில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ, ஐஸ்கிரீம், பாயசம் எல்லாம் வளையத்தைக் கேட்காமலே வழுக்கிக்கொண்டு போய்விடும். இட்லியைத் தடுத்து இனிப்பை விட்டுவிடும் காவல்காரனை நம்பி இளைத்துவிட முடியாது.

எண்ணும் இதையே சொல்கிறது. ஸ்வீடனின் நீண்ட ஆய்வு 2007-ல் வெளியானபோது, 15 ஆண்டுகள் கழித்து பேண்ட் போட்டவர்களின் சராசரி எடைக்குறைவு 13 சதவீதம், பைபாஸ் செய்தவர்களுக்கு 27 சதவீதம். அமெரிக்காவில் 2011-ல் எடைக்குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேண்ட். 2019-ல் நூற்றில் ஒன்றுகூட இல்லை. ரியலைஸ் சந்தையை விட்டே போய்விட்டது. இங்கேயும் இப்போது அதிகம் நடப்பது ஸ்லீவ்தான். வெட்டாமல், குடலை மாற்றாமல், தேவைப்பட்டால் கழற்றலாம் என்பது பேண்டின் நல்ல குணம். அதை மறுக்கவில்லை. ஆனால் அடிக்கடி போய்ச் சரிபார்த்துக்கொள்ள முடியாதவருக்கு அந்த நல்ல குணம் உதவாது. மலையில் இருப்பவருக்கு நான் பேண்டைச் சொல்ல மாட்டேன்.

காசு விஷயம் சுருக்கமாக: எந்த ஆபரேஷனாக இருந்தாலும், மருத்துவக் காப்பீட்டின் பொது விதிப்படி, எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கு 40 இருக்க வேண்டும், அல்லது 35-உடன் இதய நோய், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற கடும் நோய் இருக்க வேண்டும். 165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 40 என்பது 109 கிலோ. நம்மைப் போன்ற ஆசியருக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே ஆபரேஷனை யோசிக்கலாம் என்று 2022-ன் சர்வதேச வழிகாட்டுதல் சொன்னாலும், பாலிசிக்காரர் தன் விதியைத்தான் பார்ப்பார்.

ஏற்கெனவே பேண்ட் போட்டுக்கொண்டு மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கம்பெனி பேண்ட், எத்தனை மில்லி பிடிக்கும், இப்போது எத்தனை ஏற்றியிருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். சேலத்தில் யாரிடம் ஹியூபர் ஊசி இருக்கிறது, யாருக்கு நீர் இறக்கத் தெரியும் என்று இந்த வாரமே விசாரித்து, அந்த போன் நம்பரையும் அதில் எழுதுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்த போர்ட் திடீரென்று சீழ் பிடித்தால் மாத்திரையோடு விடாதீர்கள். வளையம் இரைப்பைக்குள் அரித்துப் போயிருக்கலாம், எண்டோஸ்கோப்பி கேளுங்கள். குடித்த தண்ணீர்கூட இறங்காமல் வயிற்று வலியும் வாந்தியும் நிற்கவில்லை என்றால், காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அன்று இரவே கீழே இறங்கிவிடுங்கள்.