மண்டபத்தில் ஓகே... யூடியூபில் மட்டும் ஏன் காப்பிரைட்? பாட்டோடு வீடியோ போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அக்கா கல்யாணத்தின் ஹைலைட்ஸ் வீடியோவை ஆசையாக யூடியூபில் ஏற்றுகிறார் தம்பி. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போடுவதற்குள் 'காப்பிரைட் கிளைம்' என்று மெயில் வந்துவிடுகிறது. "மண்டபத்துல ஊருக்கே கேக்குற மாதிரி போட்ட பாட்டு. அப்போ யாரும் ஒண்ணும் சொல்லல, இப்போ மட்டும் என்னவாம்?" பல வீடுகளில் எழும் நியாயமான கேள்விதான் இது. பதில் சட்டத்திலேயே இருக்கிறது.

கல்யாணத்துக்கு விலக்கு, வீடியோவுக்கு இல்லை

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, மதச் சடங்குகளில் பாட்டு ஒலிப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. கல்யாண ஊர்வலமும் அதையொட்டிய கொண்டாட்டங்களும் இதில் அடங்கும். 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தியது. ஆனால், விலக்கு அந்த நிகழ்ச்சியில் பாட்டு ஒலிப்பதற்கு மட்டும்தான். அதே பாட்டை வீடியோவில் சேர்த்து இணையத்தில் போட்டால், பாட்டைப் பிரதி எடுத்துப் பொதுமக்களிடம் கொண்டுபோவதாகிவிடுகிறது. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

ஒரே பாட்டு, பல உரிமை

பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிக்கு வேறு உரிமை. வரி, மெட்டு ஆகியவற்றின் உரிமை, படைத்தவரின் ஆயுள் முழுக்கவும் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்.

தியாகராஜர் 1847-ல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனையை யார் வேண்டுமானாலும் பாடி வீடியோ போடலாம். ஆனால், பிரபல வித்வான் ஒருவர் பாடி அண்மையில் வெளியான ஆல்பத்தை அப்படியே எடுத்துப் போட முடியாது. பாரதியார் கவிதையும் எல்லோருக்கும் பொது. சினிமாவில் அதற்குப் போட்ட புது மெட்டு அப்படியல்ல.

'கிளைம்' வேறு, 'ஸ்ட்ரைக்' வேறு

யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' 2007 முதல் இயங்குகிறது. இசை நிறுவனங்கள் தங்கள் பாடல்களை அதில் கொடுத்து வைத்திருக்கும். வீடியோ ஏறும்போது, கைரேகையைப் பொருத்திப் பார்ப்பதுபோல ஒலியைப் பொருத்திப் பார்க்கும். பாட்டு பொருந்தினால், உரிமையாளர் விருப்பப்படி வீடியோ முடக்கப்படலாம், விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம், அல்லது பார்வைகள் மட்டும் கணக்கிடப்படலாம். இதுதான் கிளைம். பொதுவாக இதனால் சேனலுக்கு ஆபத்தில்லை.

ஸ்ட்ரைக் அப்படியல்ல. வீடியோவை நீக்கச் சொல்லி உரிமையாளர் சட்டப்படி கேட்டால் வருவது அது. 90 நாள்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் சேனலே போய்விடும்.

ரீல்ஸில் எல்லோரும் போடுகிறார்களே?

இன்ஸ்டாகிராமின் இசைப் பட்டியலில் உள்ள பாடல்களுக்கு மெட்டா நிறுவனம் உரிமம் வாங்கியிருக்கிறது. அது தனிப்பட்ட பயன்பாட்டுக்கு. பிசினஸ் கணக்குகளுக்குப் பல ஹிட் பாடல்கள் காட்டப்படாததற்குக் காரணம் இதுதான். வீட்டிலிருந்து கேக் விற்பவரோ, புதிதாக பொட்டிக் தொடங்கியவரோ தன் பர்சனல் கணக்கிலிருந்து ட்ரெண்டிங் பாட்டோடு விளம்பரம் போட்டாலும் அது வியாபாரம்தான். அமெரிக்காவில் 'பேங்' எனர்ஜி டிரிங்க் நிறுவனம் அனுமதியில்லாத பாடல்களை டிக்டாக் விளம்பர வீடியோக்களில் பயன்படுத்தியது உரிமை மீறல் என்று 2022-ல் ஃபுளோரிடா நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம்பக் கூடாத மூன்று

"பத்து செகண்ட்தானே, ஒண்ணும் ஆகாது": இத்தனை நொடி வரை இலவசம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

"கிரெடிட் கொடுத்துட்டேனே": பெயர் போடுவது மரியாதை, அனுமதி ஆகாது.

"நானே பாடினேன்": ஒலிப்பதிவு உங்களுடையதுதான். ஆனால் வரியும் மெட்டும்?

அப்போ என்ன செய்யலாம்?

• வியாபார வீடியோ என்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரி, மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷன் ஆகியவற்றில் உள்ள இசையைப் பயன்படுத்தலாம்.

• கிளைம் வந்தால் பதற வேண்டாம். யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மட்டும் மியூட் செய்யலாம், வேறு இசை சேர்க்கலாம்.

• நீங்களே பாடிய தியாகராஜர் கீர்த்தனைக்குத் தவறாகக் கிளைம் வந்தால் 'டிஸ்ப்யூட்' செய்யுங்கள். எதிர்த்தரப்பு 30 நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாத சினிமா பாட்டுக்கு இதைச் செய்தால், விஷயம் ஸ்ட்ரைக் வரை போகலாம்.

கல்யாண வீடியோவுக்கு வந்தது வெறும் கிளைம் என்றால், வீடியோ ஓடும்; அதில் வரும் விளம்பரக் காசு பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். முடக்கப்பட்டிருந்தால் பாட்டை மாற்றிவிட்டு ஏற்றலாம். அக்காவுக்கு மட்டும் ஒரிஜினல் பாட்டோடு பென்டிரைவில் ஒரு காப்பி போட்டுக் கொடுத்துவிடலாம்.