தேர்வும் பொருத்தமும்

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி எமது ஊர். அங்காடியைப் பெயரிலேயே தாங்கிய இடம் அது. சுற்றியுள்ள தெருக்களில் மிளகும் சுக்கும் ஏலமும் தலைமுறை தலைமுறையாக மணந்து வந்துள்ளன. அங்கே மிளகு வாங்கும் வணிகர், மூட்டையின் பருமனைக் கண்டு விலை கூறார். ஒரு லிட்டர் அளவையில் மிளகை நிரப்பி நிறுத்துப் பார்ப்பார். மணி முற்றித் திரண்டிருந்தால் எடை மிகும்; பொக்கு மணியாயின் எடை குறையும். ஈரம் எவ்வளவு என்றும் பார்ப்பார். இத்தனையும் பார்த்த பின்னரும் ஒரு வினா எஞ்சி நிற்கும்: இந்தச் சரக்கு யாருக்கு வேண்டும்? உணவுக்கு அனுப்புவோர் முற்றிய மணியை நாடுவர். சாறு வடிப்போரோ, முற்றாத இளமணியையே சில வேளை தேடி வாங்குவர். காரமும் எண்ணெயும் அதில் மிகுதி. ஒருவர் கழித்ததே மற்றவருக்குச் சிறந்த சரக்காகிறது.

விளையாட்டுக் குழுவிற்கு ஆள் தேர்வதும் இத்தகையதே. வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்தே ‘தெரிந்துவினையாடல்’ என்று மற்றோர் அதிகாரம் வகுத்தார். ஆளை ஆராய்வது ஒன்று. ஆராய்ந்த ஆளைத் தக்க வினையில் அமர்த்துவது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் கேட்டினைக் கூடைப்பந்தாட்டத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறை யாது?

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துக் கழகத்தில் முப்பது குழுக்கள் உள்ளன. ஆண்டுதோறும் புதிய இளைஞர்களை அவை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. இதற்கு ‘டிராப்ட்’ என்று பெயர். முந்திய ஆண்டில் தோற்றுப் பின்தங்கிய குழுவே முன்னதாகத் தேரும் வாய்ப்பைப் பெறுகிறது. வலியோர் மேலும் வலியோராகாமல் காப்பதே இதன் கருத்து. ஆயினும், முதலிடம் பெறுவதற்காகவே வேண்டுமென்று தோற்பாரும் உண்டன்றோ? அதனைத் தடுக்க 1985-இல் குலுக்கல் முறை புகுத்தப்பட்டது. 2019-இல் அது மேலும் திருத்தப்பட்டு, கடைசி மூன்று குழுக்களுக்கும் முதலிட வாய்ப்பு நூற்றுக்கு 14 எனச் சமமாக்கப்பட்டது.

எவற்றை அளப்பது?

முதலில் உடல். கூடை தரையிலிருந்து 10 அடி உயரத்தில் உள்ளது. ஆதலின் உயரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தேர்வாளர் உயரத்தை மட்டும் அளப்பதில்லை. இரு கைகளையும் விரித்த நீளம், நின்றபடி கையை உயர்த்தினால் எட்டும் உயரம், துள்ளும் உயரம் ஆகியவற்றையும் அளக்கின்றனர். பந்தைத் தட்டுவது தலையன்று, கையே!

அடுத்து எண்கள். ஓர் ஆட்டத்திற்கு எத்தனை புள்ளி என்பதைவிட, ஆடிய நேரத்திற்கு எத்தனை புள்ளி என்பதே நேர்மையான கணக்கு. வயதும் முதன்மையானது. 19 வயதினனும் 22 வயதினனும் ஒரே அளவு ஆடினால், இளையவனிடமே வளர்ச்சி மிகுதியாக எதிர்பார்க்கப்படும். தொலைவிலிருந்து எறியும் திறனை அறிவதற்கோ, சிலவே எறிந்த மூன்று புள்ளி எறிவுகளின் கணக்கைக் காட்டிலும், தடுப்பாரின்றி எறியும் இலவச எறிவின் கணக்கைத் தேர்வாளர் பலர் நம்புவர். கையின் பழக்கம் அங்கேதான் ஒளிவு மறைவின்றித் தெரிகிறது.

திறனா, தேவையா?

இனி வருவதே கடினமான வினா. கிடைப்பவருள் மிகச் சிறந்தவரைத் தேர்வதா? குழுவில் எந்த இடம் வெறுமையாக உள்ளதோ அதற்கு ஏற்றவரைத் தேர்வதா?

1984-இல் போர்ட்லாந்து குழுவின் முன் இந்த வினா எழுந்தது. முதலிடம் பெற்ற ஹூஸ்டன் குழு ஒலாஜுவானைத் தேர்ந்தது. இரண்டாமிடம் போர்ட்லாந்துடையது. கிளைடு டிரெக்ஸ்லர் என்னும் சிறந்த கார்டு அவர்களிடம் முந்திய ஆண்டே வந்துவிட்டார். சென்டர் இடத்திற்கே ஆள் தேவை. எனவே நெடியவரான சாம் போவியைத் தேர்ந்தனர். காலெலும்பு முறிவால் அவர் கல்லூரிக் காலத்திலேயே இரண்டு பருவங்களை இழந்திருந்தார். மூன்றாமிடத்தில் சிகாகோ குழு மைக்கேல் ஜோர்டனை எடுத்துக்கொண்டது. பின்னர் ஜோர்டன் சிகாகோவிற்கு ஆறு வாகைகள் தேடித் தந்தார். போவியோ மீண்டும் மீண்டும் காயமுற்று வருந்தினார். இன்றைய வெறுமையை நிரப்பும் அவசரத்தில் நாளைய செல்வத்தை இழக்கலாகாது என்பது இதன் பாடம்.

அப்படியாயின் பொருத்தம் பார்க்கவே வேண்டாமா? வேண்டும். 2014-இல் டென்வர் குழு ஒரே தேர்வில் நூர்கிச், யோகிச் என்னும் இரு சென்டர்களைப் பெற்றது. யோகிச் 41-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர்; விரைந்து ஓடாதவர்; உயரத் துள்ளாதவர். ஆனால் பிறர் காணாத வழியைக் கண்டு பந்தைக் கொடுக்க வல்லவர். இருவரையும் ஒருங்கே ஆடவிட்டபோது ஆட்டம் இசையவில்லை. 2017-இல் நூர்கிச் போர்ட்லாந்திற்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் நன்கு ஆடினார். டென்வரில் யோகிச்சும் மலர்ந்தார். 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். 2023-இல் டென்வர் வாகை சூடியது. திறன் நோக்கித் தேர்ந்தனர். பொருத்தம் நோக்கிப் பிரித்தனர். வரிசை இதுவே.

நம்மவர் இருவர்

2015 சூன் 25-ஆம் நாள் நடந்த தேர்வில், அறுபது இடங்களுள் 52-ஆவது இடத்தில், பஞ்சாபின் பல்லோகே என்னும் சிற்றூரைச் சேர்ந்த சத்னாம் சிங்கை டல்லஸ் குழு எடுத்தது. இந்தியாவில் பிறந்தவருள் அவ்வாறு தேரப்பட்ட முதல்வர் அவரே. உயரம் 7 அடி 2 அங்குலம். நாடே மகிழ்ந்தது. ஆயின் முதன்மைக் கழகத்தின் பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. டல்லஸின் துணைக் குழுவிலேயே இரண்டு பருவங்கள் கழிந்தன. காரணம் என்ன? அத்தேர்விற்கு ஒன்பது நாள் முன்னர்த்தான் கோல்டன் ஸ்டேட் குழு, நெடிய சென்டரை அமர்த்திவிட்டு விரைவான ஆட்டக்காரர்களைக் கொண்டு இறுதிப் போட்டியை வென்றிருந்தது. ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. ஓடவும் தொலைவிலிருந்து எறியவும் இயலாத நெடியோர்க்கு இடம் சுருங்கியது. உயரம் அளக்கப்பட்டது, காலத்தின் போக்கு அளக்கப்படவில்லை போலும்!

கோட்டயத்துக் கீத்து அன்னா ஜோஸ் மற்றொருவர். சென்னையில் தென்னக இரயில்வேக்காக ஆடியவர். இந்தியக் குழுவின் தலைவியாக விளங்கியவர். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் குழுவிற்கும் ஆடியவர். 2011-இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அமெரிக்க மகளிர் குழுக்கள் அவரைச் சோதித்துப் பார்த்தன. எதிலும் இடம் கிட்டவில்லை. 6 அடி 2 அங்குல உயரத்தால் இங்கே அவர் கூடையடியில் நின்று ஆளும் சென்டர். அங்கே அதே உயரத்தினர் கூடையை விட்டு விலகி நின்று ஆட வேண்டியவர். ஆள் ஒருவரே, களம் மாறியதும் இடம் மாறிவிட்டது. அதனால் அவர் திறன் குறைந்ததா? இல்லை. 2014-இல் நம் நாடு அவருக்கு அர்ச்சுனா விருது அளித்துப் போற்றியது.

நமக்கு என்ன?

இவற்றையெல்லாம் எழுதும் எனக்கு ஒரு குற்ற உணர்வும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு இளைஞர் குழுவிற்கு ஆள் தேரும் பொறுப்பு என்னிடம் வந்தது. நன்றாக எறியத் தெரிந்த ஐவரைப் பொறுக்கினேன். ஐவரும் எறிந்தனர், தவறி விழுந்த பந்தை எடுக்க ஒருவருமில்லை. எல்லா ஆட்டமும் தோற்றோம். அதனினும் பெரிய இழப்பு வேறு. எறியத் தெரியாதவன் என்று நான் விலக்கிய ஒரு தம்பி, விழும் பந்தைப் பாய்ந்து எடுப்பதில் இணையற்றவன். அவன் அன்றோடு ஆட்டத்தையே விட்டான். மீண்டும் அழைத்தபோது, “நான் அதற்கு உதவமாட்டேன் என்று நீங்கள்தானே அண்ணா சொன்னீர்கள்?” என்றான். ‘இந்தக் குழுவில் இப்போது இடமில்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘உன்னிடம் திறனில்லை’ என்று சொல்லிவிட்டேன். தெளிதலையும் வினையாடலையும் நான் குழப்பியதன் விலையை அவன் கொடுத்தான்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் தேர்வாளர் ஆவோம். பலர் தேரப்படுவோராய் வரிசையில் நிற்போம். தேரும் இடத்தில் இருப்போர், ஆளின் தரத்தையும் இடத்தின் தேவையையும் தனித்தனியே எழுதிப் பார்த்து, எது காரணமாக விலக்குகிறோம் என்பதை அவரிடம் வாய்திறந்து சொல்லுதல் வேண்டும். விலக்கப்பட்டோர், தமக்கு இடமில்லாது போனது எந்தக் குழுவில், எந்தக் காலத்தில் என்று வினவிப் பார்த்தல் வேண்டும். ஒரு வணிகர் கழித்த மிளகை வாங்க அடுத்த தெருவில் ஒருவர் காத்திருப்பதைக் கொச்சங்காடிச் சிறுவரும் அறிவர்.